வெளுத்துப்போன மேகசின் கண்ணாடி

நவம்பர் 6, வியாழன்

விடிந்ததிலிருந்து மழை. ஈஜோக் பாதையில் தண்ணீர் ஏறி, செம்பனைக் குலை லோரி ஒன்று குறுக்கே நின்றுவிட்டது. துப்பாக்கி சுடும் கிளப்புக்குத் தாமதம். மேனேஜர் என்சிக் ரஹிம் கடிகாரத்தைப் பார்த்தார், நனைந்த கோழி மாதிரி நின்ற என்னைப் பார்த்தார், ஸ்டோர் சாவியை நீட்டினார்.

ஸ்டோர் கூரை மறுபடி ஒழுகல். அத்தனை இடத்தையும் விட்டுவிட்டுச் சரியாக மணல் பீப்பாய்க்குள். குணா அதை வெளியே தாழ்வாரத்துக்கு உருட்டிப் போனான், காயட்டும் என்று. ரிப்பேர் பார்த்த துப்பாக்கியின் விசையை அழுத்திப் பார்க்கும்போது குழல் அந்த மணலுக்குள்தான் இருக்க வேண்டும். கிளப்பின் முதல் விதி. பீப்பாய் உள்ளே வரும்வரை ரிப்பேரில் கை வைக்காதே என்றேன். சரிக்கா என்றான். துப்பாக்கி மெக்கானிக் என்று பெரிய பெயர், எதற்கெடுத்தாலும் சரிக்கா. பெண்டாட்டியிடமும் அப்படித்தானாம்.

மத்தியானம் நாத்தனார் போன். தனம், சுடுகிற இடத்தில் உனக்கு அப்படி என்னதான் வேலை என்று கேட்டாள், ஏதோ நான் ஆளைச் சுடப் போகிற மாதிரி. ஸ்டோர் வேலை. துப்பாக்கி எடுத்துக் கொடுப்பது, திரும்ப வாங்கி வைப்பது. முக்கியமாக மேகசின். ரைஃபிளுக்கு அடியில் செருகுகிற தோட்டா டப்பா. பழையதெல்லாம் இரும்பு, உள்ளே விரலை விட்டுத்தான் காலியா என்று பார்க்க வேண்டும், எனக்கு நகம் மிஞ்சாது. இந்த வருஷம் புதிதாக வந்ததில் பக்கவாட்டில் பிளாஸ்டிக் கண்ணாடி. தூக்கி வெளிச்சத்தில் காட்டினால் போதும். காலியானால் ஸ்பிரிங் தள்ளி உள்ளே இருக்கும் மஞ்சள் துண்டு மேலே வந்து நிற்கும். அதைப் பார்த்து மலாயில் "கோசோங்" என்று சத்தமாகச் சொல்லிப் பெட்டியில் வைக்க வேண்டும். நான் கோசோங் என்றால் கிளப்பில் யாரும் மறுபடி திறந்து பார்க்க மாட்டார்கள். இதைச் சொன்னதும் நாத்தனார், அவ்வளவுதானா என்றாள். அவ்வளவுதான்.

சில கண்ணாடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. மழைக்காலப் பூசணம். துடைத்தேன், போகவில்லை. ஈரத்துணியால் துடைத்தேன், அதற்கும் போகவில்லை. எறும்பாவது இந்த மாதம் பெட்டிப் பக்கம் வரவில்லை.

வாங்க வேண்டியது: மிளகாய்த்தூள், பல்பு, அவருக்குக் கால் வலி மருந்து.

நவம்பர் 8, சனி

உயிரோடு இருக்கிறேன்.

இதற்கு மேல் எழுத வரவில்லை. இரண்டு தடவை பேனாவை வைத்துவிட்டு எடுத்தேன். எழுதினால்தான் நடுக்கம் நிற்கும் போல.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு. மெம்பர்கள் கூட்டம் குறைந்திருந்தது. பல் டாக்டர் மெம்பர் ஒரு மேகசினைக் கொண்டுவந்து, ஸ்பிரிங் மாட்டுது, இனி வேலைக்காகாது என்று கொடுத்தார். தூக்கிப் பார்த்தேன். மேலே மஞ்சள். கோசோங் என்றேன். குணாவிடம் கொடுத்து, மாட்டுதாம், பாருடா என்றேன். அவன் ரிப்பேர் அறைக்குப் போனான். மணல் பீப்பாய் இன்னும் தாழ்வாரத்தில்தான் இருந்தது. அவன் அறைக்கும் என் மேசைக்கும் நடுவில் பலகைத் தடுப்பு, அவ்வளவுதான்.

அவன் மேகசினை உள்ளங்கையில் தட்டுகிற சத்தம் கேட்டது. டப், டப் என்று. அப்புறம் துப்பாக்கியில் செருகுகிற சத்தம். என் சிலிப்பர் மேசைக்கு அடியில் போய்விட்டது. காலால் துழாவினேன், கிடைக்கவில்லை. குனிந்தேன்.

வெடித்தது.

சுடுகிற இடத்தில் நாள் முழுக்க வெடிச் சத்தம்தான். ஆனால் அது தூரத்தில், காதில் மூடி போட்டுக்கொண்டு. இது தலைக்குள் வெடித்தது. பலகையில் சின்ன ஓட்டை. எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த கேலண்டரில் ஓட்டை. இரண்டுக்கும் நடுவில் என் நாற்காலி. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் அந்த இடத்தில் என் மூஞ்சி இருந்திருக்கும்.

கத்தவே இல்லை நான். சிலிப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேனாம். குணா ஓடி வந்தான். வெள்ளைக் காகிதம் மாதிரி முகம். "அக்கா, அக்கா" என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை அவனுக்கு. அப்புறம்தான் எனக்கு வாய் திறந்தது. திறந்தது திறந்ததுதான். கொலைகாரா என்றேன். எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. கையிலிருந்த சிலிப்பரால் அடித்தேன். தடுக்கவும் இல்லை அவன்.

நடுவில் ஒன்று சொன்னான்: "நீங்க கோசோங்னு சொல்லிக் குடுத்ததுதானே அக்கா."

என் மேல் பழி. என்னைக் கொல்லப் பார்த்துவிட்டு என் மேலேயே பழி!

இடது காதில் வண்டு பறக்கிற சத்தம் நிற்கவே இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் அந்தக் கேலண்டர்.

காலையில் போலீஸ் பாலாய்க்குப் போய் வாக்குமூலம். என் வீட்டுக்காரர் சேகர் கூட வந்தார், லோரி வேலைக்கு லீவு போட்டுவிட்டு. சார்ஜன் தமிழர். நிதானமான ஆள். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார்.

குணா அந்த மேகசினில் தோட்டா இருந்ததே தெரியாது என்கிறானாம். அதில் இன்னொன்று மிச்சம் இருந்ததாம், சுட்டதோடு சேர்த்து இரண்டு. பல் டாக்டரும் தான் எல்லாவற்றையும் சுட்டுத் தீர்த்துவிட்டதாகத்தான் சொல்கிறாராம். சுட்ட தோட்டாவின் வெற்றுக் கோது புல்லுக்குள் போய்க் கிடக்கும், யார் போய்ப் பொறுக்கிச் சரிபார்ப்பது. ஆக என் வார்த்தைதான் முக்கியம் என்றார் சார்ஜன்.

"நல்லா யோசிச்சு சொல்லுங்கம்மா. உங்க கையில இருக்கும்போது காலியா?"

"காலி சார். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

"சந்தேகமே இல்ல?"

"வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து ஒரு தப்பு வந்ததில்ல சார், என்கிட்ட."

எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன். வெளியே வரும்போது சார்ஜன், அப்படியென்றால் அந்த ஆள் தோட்டாவைத் தானே வைத்திருந்து போட்டிருக்க வேண்டும் என்று இன்னொரு போலீஸ்காரரிடம் மலாயில் சொல்வது கேட்டது. தோட்டா திருட்டு, மறைத்து வைத்தது. சாதாரண கேஸ் இல்லையாம் அது. தடுப்புக் காவல் கேட்கப் போகிறார்களாம்.

நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். உண்மையைத்தானே எழுதுகிறேன் இங்கே. நன்றாக வேண்டும் அவனுக்கு என்று நினைத்தேன்.

இனி அவன் பெயரை முழுசாக எழுத மாட்டேன். கு. போதும்.

நவம்பர் 11, செவ்வாய்

லீவு. வீட்டில் சாவு விழுந்த மாதிரி ஆள் வருகிறார்கள். புக்கிட் ரோத்தானில் எங்கள் தாமான் வீடுகளில் பாதி வந்துவிட்டது. இதுவரை வந்தது: ஓர்லிக்ஸ் மூன்று பாட்டில், ஆப்பிள், காளியம்மன் கோயில் எலுமிச்சை, மந்திரித்த கயிறு. எதிர்வீட்டு அம்மா என் தலையைத் தடவித் தடவிப் பார்த்தார், ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. கூடத்தில் பேசிக்கொண்டது சமையலறைக்குக் கேட்டது:

"குனிஞ்சாங்களாம் லா. அந்த நேரம் பார்த்து."

"அவன் வேணும்னே செஞ்சிருப்பானோ?"

"யாரு கண்டா."

வேணுமென்று செய்தான் என்று நான் சொல்லவே இல்லை. எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். ஆப்பிளை நறுக்கிக்கொண்டிருந்தேன், நறுக்கி முடித்தேன்.

சாயங்காலம் பிரேமா வந்தாள். கு. பெண்டாட்டி. இடுப்பில் பிள்ளை. கேட்டுக்கு வெளியே நின்றாள், உள்ளே வா என்று நான் கூப்பிடவில்லை. புருஷனை விட்டுவிடச் சொல்லி அழுவாள், காலில் விழுவாள், நாலு வார்த்தை நன்றாகக் கொடுக்கலாம் என்று தயாராக இருந்தேன்.

அவள் அழவில்லை. "காவல்ல போய்ப் பார்த்தேன் அக்கா. அக்காவுக்கு ஒண்ணும் ஆகலையே, நல்லா பார்த்தியா, நேர்ல பார்த்தியான்னே கேட்டுக்கிட்டு இருக்காரு. அதான் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றாள்.

பார்த்துட்டில்ல, போ, என்று கிரில்லைச் சாத்திவிட்டேன்.

இதை எழுதும்போது சாத்திய சத்தம் மறுபடி கேட்கிறது. அந்தப் பிள்ளை கையாட்டியது.

நவம்பர் 13, வியாழன்

கிளினிக். காதுச் சவ்வு கிழியவில்லை, போகப் போகச் சரியாகும் என்றார் டாக்டர். வரும் வழியில் ஒரு மோட்டார் சைக்கிள் புகைபோக்கி வெடித்தது. நடுரோட்டில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்துவிட்டேன். சேகர் தூக்கி நிறுத்தினார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

என்சிக் ரஹிம் போன் செய்தார். கு.வின் காவல் நீட்டித்திருக்கிறார்களாம். அவன் பையில், லோக்கரில், வீட்டில், ஒரு தோட்டா கூடக் கிடைக்கவில்லையாம். அதுதான் அவருக்குப் புரியவில்லையாம். திருடுகிறவன் இரண்டே இரண்டைத் திருடி, அதையும் ரிப்பேர் மேகசினில் போட்டு, அதையும் தானே சுடுவானா என்று கேட்டார்.

எனக்கு என்ன தெரியும் என்றேன். கோபம் வந்தது. போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. முட்டாள்தனமான திருட்டுதான் அது, யோசித்துப் பார்த்தால்.

கண்ணில் பார்த்தேனே. மஞ்சள்.

நவம்பர் 14, வெள்ளி

இதை எழுதுகிறவள் நேற்று எழுதியவள் இல்லை.

வெள்ளிக்கிழமை என்பதால் காலையிலேயே சாமி மேடையைத் துடைக்க உட்கார்ந்தேன். விளக்கு, தட்டு, மணி எல்லாம் எடுத்துக் கீழே வைத்தேன். இரண்டு பிளாஸ்டிக் டப்பா இருக்கும் அங்கே. ஒரே கடையில் ஒரே நாள் வாங்கியது, தண்ணீர் மாதிரித் தெளிவான டப்பா, ஒன்றில் திரி, ஒன்றில் சூடம். திரி டப்பா இன்றைக்கும் புதுசு மாதிரி, உள்ளே ஒவ்வொரு திரியும் தெரிகிறது. சூட டப்பா வெளுத்திருந்தது. ஓரமெல்லாம் மயிரிழை மாதிரி வெடிப்பு. மூடியைத் திருகினேன், ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

துணியால் துடைத்தேன். போகவில்லை.

துணி கையிலிருந்து விழுந்துவிட்டது.

அந்த வெள்ளை எனக்குத் தெரிந்த வெள்ளை. கிளப்பில் மேகசின் கண்ணாடியில் நான் துடைத்துத் துடைத்துப் போகாத அதே வெள்ளை.

சரஸ்வதி பூசை அன்று கிளப் ஸ்டோரில் கும்பிட்டோம், வருஷா வருஷம் கும்பிடுவதுதான். கம்பி, சுத்தியல், கத்தரிக்கோல், திருப்புளி எல்லாவற்றுக்கும் பொட்டு. துப்பாக்கிக்குப் பொட்டு வைக்க என்சிக் ரஹிம் விடமாட்டார், ராக்குக் கதவில் வைப்போம். நானும் குணாவும்தான். அவன் தேங்காய் உடைத்தான். எல்லாம் முடிந்ததும் ஒரு கட்டுச் சூடம் மிச்சம். சாமிக்கு என்று வாங்கியதைக் குப்பையிலா போடுவது? மேகசின் வைக்கிற இரும்புப் பெட்டியில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. துணிப் பெட்டியில் போடுவோமே, அந்த மாதிரி, பேப்பரில் மடித்துப் பெட்டிக்குள் போட்டேன். ரப்பர் வைத்த மூடி, காற்றுப் போகாது. எறும்பும் வராது, சாமி சூடம், ஆயுதத்துக்கும் நல்லது. போட்டுவிட்டு மறந்தும் போனேன்.

நான்தான் போட்டேன். வேறு யாரும் இல்லை. நான்.

சூடம் டப்பாவைத் தின்றிருக்கிறது. வெளுக்க வைத்தது மட்டும் இல்லை, பிசுபிசுப்பாக்கியிருக்கிறது. மூடி ஒட்டிக்கொள்கிற மாதிரி மேகசினுக்குள் அந்த மஞ்சள் துண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே ஏறாமல் பாதியில் நின்றிருக்கும். அதற்கு மேல் இரண்டு தோட்டா. பல் டாக்டர் தீர்ந்துவிட்டது என்று நினைத்தார். நான் வெளுத்த கண்ணாடியில் மஞ்சளைப் பார்த்தேன். தோட்டாவும் பித்தளை. அதுவும் மஞ்சள். குணா உள்ளங்கையில் தட்டினான், ஒட்டியது விட்டது, தோட்டா மேலே ஏறியது. காலி என்று நம்பித் துப்பாக்கியில் செருகி விசையை அழுத்திப் பார்த்திருக்கிறான்.

குணா பொய் சொல்லவில்லை.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். விளக்கு ஏற்றவில்லை. சேகர் வந்து, காதா வலிக்குது என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நவம்பர் 15, சனி

கிளப் மூடித்தான் இருக்கிறது, போலீஸ் உத்தரவு. என்சிக் ரஹிமை வரச் சொல்லி, நானும் போனேன். கேலண்டரை எடுத்துவிட்டார்கள். சுவரில் ஓட்டையைச் சுற்றிச் சாக்பீஸ் வட்டம். அந்தப் பக்கம் பார்க்காமல் போனேன்.

பெட்டியைத் திறந்தோம். வாசம் முகத்தில் அடித்தது, கோயிலுக்குள் நுழைந்த மாதிரி. இத்தனை நாள் இந்த வாசம் எனக்கு உறைக்கவே இல்லை, வீட்டில் எப்போதும் இருக்கிற வாசம்தானே. அடியில் பேப்பர் மடிப்பு மட்டும் இருந்தது, சூடம் கரைந்து பாதிக்கும் கீழே. மேகசின்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வரிசையாக வைத்தார். பேப்பருக்குப் பக்கத்தில் கிடந்தவை பால் மாதிரி வெள்ளை. தள்ளிக் கிடந்தவை லேசாக. குணாவின் மேசை டிராயரில் இரண்டு உதிரி மேகசின் இருந்தது, பெட்டிக்குள் போகாதவை. அவை பளிச்சென்று, அந்தப் பக்கம் நிற்கும் என்சிக் ரஹிமின் மூக்கே தெரிகிற அளவுக்கு.

வெளுத்ததில் ஒன்றை எடுத்து மஞ்சள் துண்டை விரலால் அழுத்தினார். கீழே போனது. விரலை எடுத்தார். மேலே வரவில்லை.

பட்டாளத்தில் இருந்த அந்த மனிதர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்புறம் மலாயில் மெதுவாகப் பேசினார். இதைச் சொன்னால் துப்பாக்கி ஸ்டோரில் பூசை நடந்ததைச் சொல்ல வேண்டும், அனுமதித்தவர் அவர். லைசென்ஸ் போகலாம். கிளப்பை மூடினால் எல்லார் வேலையும் போகும். குணா மேலும் தப்பு இருக்கிறதே, மணல் பீப்பாய் இல்லாமல் விசையை அழுத்தியது அவன்தானே. வக்கீல் வைப்போம், செலவை நான் பார்க்கிறேன், தோட்டா கிடைக்காததால் எப்படியும் விட்டுவிடுவார்கள். நீங்கள் பாதிக்கப்பட்டவர், உங்களை யாரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை, வீட்டில் ஓய்வெடுங்கள் என்றார்.

விடவில்லை என்றால்? என்று கேட்டேன்.

பெட்டியைத் திறந்தபடியே வைத்துவிட்டார், காற்றுப் போகட்டும் என்று.

கெட்ட மனிதர் இல்லை அவர். பயந்துவிட்டார். நானும்தான்.

நவம்பர் 16, ஞாயிறு

சேகரிடம் சொல்லிவிட்டேன். சோற்றில் கையை வைத்தபடியே கேட்டார். அப்படியே கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

முதலில் நம்பவில்லை. சூடமாவது, பிளாஸ்டிக்கைத் தின்பதாவது. சாமி மேடையிலிருந்து டப்பாவைக் கொண்டுவந்து கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். அப்புறம் கோபம்.

"செத்துப் பொழச்சு வந்திருக்க. இப்ப நீயே போய் மாட்டிக்கணுமா?"

"அவன் உள்ள இருக்கான்."

"அவன் தட்டிச் சுட்டதுக்குத்தானே இருக்கான். நீ சுட்டியா?"

"நான் காலின்னு சொன்னதுக்கு இருக்கான்."

லோரிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை என்ன லோரி. கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தார். வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது, வாயை மூடிக்கொள்ள. அதையும் எழுதி வைக்கிறேன். பொய் சொல்லவில்லையே, அன்றைக்குத் தெரிந்ததைத்தானே சொன்னேன் என்று காலையிலிருந்து எனக்கே நான் வக்கீல். வக்கீல் நன்றாகத்தான் பேசுகிறாள். ஆனால் ஒரு இடத்தில் வாய் அடைக்கிறது அவளுக்கு. அன்றைக்குக் கண்ணாடி வெளுத்திருந்தது எனக்குத் தெரியும். வியாழக்கிழமையே தெரியும், துடைத்தேன், போகவில்லை. உள்ளே சரியாகத் தெரியவில்லை என்றால் பழையபடி விரலை விட்டுப் பார்த்திருக்க வேண்டும். தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை எனக்கு. ஸ்டோர் தனத்துக்குத் தெரியாதது உண்டா? அந்தத் திமிர்தான்.

பிரேமாவுக்குப் போன் செய்தேன். எடுத்தாள். பிள்ளை சாப்பிட்டுச்சா என்று கேட்டேன். சாப்பிட்டுச்சு என்றாள். நான் வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. இரண்டு பேரும் சும்மா போனைப் பிடித்துக்கொண்டிருந்தோம், பிள்ளை எதையோ தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நாளைக்குப் பாலாய்க்குப் போறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். சொல்லிவிட்டால் அப்புறம் போகாமல் இருக்க முடியாது, அதற்காகவே சொன்னேன்.

நவம்பர் 17, திங்கள்

மழை இல்லை. வெயில் சுள்ளென்று.

சேகர் காடியை வெளியே எடுத்து நிறுத்தி வைத்திருந்தார், நான் கேட்காமலே. இறங்கும்போது, நான் உள்ளே வரட்டுமா என்றார். வேண்டாம் என்றேன்.

சார்ஜன் என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டார். காது எப்படி, தூக்கம் வருகிறதா என்று கேட்டார். அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை. சார், நான் சொன்னதை மாற்ற வந்திருக்கிறேன் என்றேன். யாராவது மிரட்டினார்களா என்று உடனே கேட்டார். குணா குடும்பமா? இல்லை என்றேன். பணம் கிணம்? இல்லை சார், சூடம் என்றேன்.

புரியவில்லை அவருக்கு. சொன்னேன். பூசையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும். இரண்டு டப்பாவையும் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். அவரும் நம் ஆள்தானே, வீட்டில் சூடம் வைத்திருக்கிற ஆள். வெளுத்த டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். எங்க வீட்டு டப்பாவும் இப்படித்தாம்மா இருக்கு என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி.

உள்ளே போனார். ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார். சீல் வைத்து நம்பர் ஒட்டின பை. உள்ளே அந்த மேகசின். பார்த்ததும் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டு பேசுங்க. இதை நான் எழுதினா இது உங்க பக்கம் திரும்பும். வேலை போகும். அதுக்கு மேலயும் போகலாம்."

"எழுதுங்க சார்."

பையோடு மேகசினைத் தூக்கி ஜன்னல் வெயிலில் பிடித்தார். நல்ல வெளிச்சம். அவர் பார்த்தார். அப்புறம் என் கண்ணுக்கு நேராக நீட்டினார்.

"இப்ப பார்த்துச் சொல்லுங்க. உள்ள இருக்கா, காலியா?"

பார்த்தேன். கிட்டப் போய்ப் பார்த்தேன். வெள்ளைக்குப் பின்னால் மஞ்சளாக ஏதோ.

"தெரியல சார்."

"அன்னிக்கு?"

"அன்னிக்கும் தெரியல."